பத்து லட்சம் பாட்டும் ஒரு முழங்காலும்

மனிதகுலத்தின் இசை வரலாற்றை எழுதப் போகிறவர்கள் இனிமேல் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. அன்றுதான் பெயிண்ட் கம்பெனி ஒன்றின் ஸ்டோர் கீப்பர், கைவைத்த பனியனோடும் ஆறிப்போன காபியோடும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, பத்து லட்சமாவது பாட்டைத் தம் சேகரிப்பில் இறக்கி முடித்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். மகத்தான தருணங்களில் உலகம் இப்படித்தான் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறது.

அவர் எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்து மனைவியிடம் செய்தியை வெளியிட்டார். வலது முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்திருந்த அந்த அம்மாள் சற்று யோசித்தாள்.

"சரிங்க. போறப்ப அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சுட்டுப் போங்க."

கம்பெனியில் அவருக்குக் களஞ்சியம் என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். மற்ற வீடுகளில் பீங்கான் கோப்பைகள் நிற்கும் கண்ணாடி அலமாரியில், இவர் வீட்டில் ஹார்ட் டிஸ்குகள் நின்றன. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிய கையோடு அலமாரிக்கு முன் நிறுத்தப்படுவார்கள்.

"சாதாரணப் பதிவு இல்ல சார் இது. ஒரு துளி சத்தம்கூட நசுங்காத பதிவு."

"அப்படியா. ஒண்ணு போடுங்களேன், கேப்போம்."

"போடலாம். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும்."

அந்த ஒரு விஷயம் புரிந்து முடிவதற்குள் விருந்தாளிகளுக்குக் கடைசி பஸ் ஞாபகம் வந்துவிடும். அந்த வீட்டில் பாட்டுக் கேட்டதாக யாரும் சாட்சி சொன்னதில்லை.

களஞ்சியத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லேபிள் ஒட்டாத டின் அலமாரி ஏறக் கூடாது என்பது பெயிண்ட் ஸ்டோரின் சட்டம். அதையே அவர் சங்கீதத்துக்கும் கொண்டுவந்திருந்தார். பாட்டின் பெயர், பாடியவர், வந்த வருஷம், அட்டைப் படம் எல்லாம் சரியாகும்வரை அதைக் கேட்பது ஒழுங்கீனம். ஒரு பாட்டைச் சரிபார்க்கும்போது அது முடிந்து அடுத்ததற்கு ஓடிவிடாமல், அதையே திரும்பத் திரும்பப் பாடும்படி பட்டனை அமுக்கி வைத்துவிடுவார். லேபிள் வேலை முடிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு அடுத்த டின்னை எடுப்பார். இப்படியாகப் பத்து லட்சம் பாட்டுகளில் அவருக்கு நன்றாகத் தெரிந்தது முன்னிசை மட்டும்தான்.

அவர் மனைவி மூன்று மாடிப் பெண்கள் விடுதி ஒன்றின் வார்டன். லிஃப்ட் கிடையாது. இரவும் பகலும் படியேறி இறங்கியே வலது முழங்கால் தேய்ந்திருந்தது. பயம் என்பது அவளைப் பார்த்து மற்றவர்களுக்கு வருவது. ஒருமுறை விடுதிக் குளியலறைக்குள் புகுந்த பாம்பின்மேல் பக்கெட்டைக் கவிழ்த்து, அந்தப் பக்கெட்டின்மேல் தானே உட்கார்ந்துகொண்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து சாவகாசமாக வழி சொன்னவள்.

முழங்காலை மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கும் சரி என்றாள். அவளுடைய தம்பி வந்து பேசும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தம்பி இன்சூரன்ஸ் ஏஜென்ட். அடுத்தவர் பயத்தில் பிழைக்கிறவன்.

"மயக்கம் குடுக்க மாட்டாங்கக்கா. இடுப்புக்குக் கீழ மரத்துப்போறதுக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான். வலி தெரியாது. ஆனா முழிச்சுக்கிட்டுதான் இருப்ப."

"முழிச்சுக்கிட்டா?"

"ஆமா. எலும்பை ரம்பம் வச்சு அறுப்பாங்க. அப்புறம் புது மூட்டைச் சுத்தியலால தட்டித் தட்டி இறக்குவாங்க. நம்ம பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டாங்களே, அந்த மாதிரி. வலி சுத்தமா இருக்காது. சத்தம் மட்டும்தான்."

"உன்னை யாரு மச்சான் இதெல்லாம் கேட்டா?" என்றார் களஞ்சியம்.

"தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதில்லையா மாமா?"

வார்டனம்மாள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். கோப்பை தட்டில் பட்டுக் கடகடவென்று ஆடியது. கையை மடியில் புதைத்துக்கொண்டாள். பாம்பின்மேல் உட்கார்ந்த அம்மாளின் கை அது.

மறுவாரம் டாக்டரிடம் கேட்டாள். தம்பி சொன்னது சரிதான் என்றார் டாக்டர். மூச்சிரைப்பு இருப்பதால் தூங்க வைக்க வேண்டாம் என்று பார்க்கிறாராம். "பாட்டுக் கேப்பீங்களாம்மா? இயர்ஃபோன் கொண்டு வாங்க. நிறைய பேர் அப்படித்தான் படுத்திருப்பாங்க."

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் தொலைந்துவிடப் போகிற குழந்தையின் பிடி.

"ஏங்க, எனக்குப் பிடிச்ச பாட்டா ரெண்டு மணி நேரத்துக்குப் போட்டுக் குடுங்க. அந்த ரம்பம் என் காதுல விழக் கூடாது. வேற எதையும் தாங்கிக்குவேன்."

"இவ்வளவுதானே?" என்றார் களஞ்சியம். கடலிடம் போய் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அன்று மாலையே உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்தார். திரையின் ஓரத்தில், பட்டியலை ஏற்றி இறக்கும் அந்தச் சின்னக் கட்டை எள்ளளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. விரல் லேசாக நடுங்கினாலும் ஐம்பதாயிரம் பாட்டு தாண்டிப் போனது. நிறுத்திய இடத்திலெல்லாம் முன்பின் தெரியாத பெயர்கள். இவற்றை யார் கொண்டுவந்து இங்கே வைத்தது? அவர்தான். எப்போது? ஏன்? கல்யாண மண்டபத்துக்குள் தவறி நுழைந்தவன்போல விழித்தார். ஒரு முகமும் பழக்கமில்லை. ஆனால் அத்தனை பேரும் அவர் அழைப்பின் பேரில் வந்தவர்கள்.

அவளுக்குப் பிடித்த பாட்டு எது?

தலை வாரும்போது எதையோ முணுமுணுப்பாள். உதடு அசைவது ஞாபகம் இருந்தது. சத்தம் ஞாபகமில்லை. அந்நேரமெல்லாம் அவர் காதில் ஹெட்ஃபோன் இருந்திருக்கிறது.

அவளிடமே கேட்டுவிடலாம்தான். ஆனால் பத்து லட்சம் பாட்டுக்குச் சொந்தக்காரன், உனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கட்டிய மனைவியிடம் எந்த வாயால் கேட்பது? சாப்பிடும்போது சுற்றி வளைத்துப் பார்த்தார்.

"சும்மா கேக்கறேன். பழசு, புதுசு, உனக்கு எது தேவலாம்?"

"நல்லா இருந்தா சரி."

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"என்ன, வரன் பாக்கறீங்களா? எதைப் போட்டாலும் சரிங்க. எனக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் சோற்றைப் பாதியில் விட்டார். எழுந்து வாசல் பக்கம் போய் மச்சானுக்குப் போன் போட்டார்.

"உங்கக்காவுக்கு என்ன பாட்டுப்பா பிடிக்கும்?"

"ஏன் மாமா, டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? கடைசி ஆசை மாதிரி விசாரிக்கிறீங்க?"

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

அதன்பின் கம்பெனிக்கு லீவு போட்டு உட்கார்ந்தார். எதைத் தொட்டாலும் அது அபசகுனமாகத் திரும்பியது. காதல் பாட்டுகளில் பாதிப் பேர் பிரிந்து போனார்கள். மீதிப் பேர் செத்துவிடுவதாக மிரட்டினார்கள். குத்துப் பாட்டை முழங்கால் அறுக்கும் இடத்தில் போட முடியாது. தாலாட்டைப் போட்டுப் பார்த்தார். முன்னிசை முடிந்து முதல்முறையாக உள்ளே போனபோது, அதில் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள். அவசரமாக நிறுத்தினார். இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்குள் இவ்வளவு அழுகையையும் சாவையும் கொண்டுவந்து அடுக்கி, தூசு துடைத்து வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது, அலமாரிப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. டிஸ்குகளின் சின்னப் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. விளக்கு சிமிட்டுவதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை அவர். நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எதையும் தேர்ந்தெடுக்க முடியாதவன் செய்கிற காரியத்தைக் கடைசியில் செய்தார். சட்டைப் பையில் அடங்குகிற பாட்டுக் கருவி ஒன்று வைத்திருந்தார். அதில் கொள்கிற மட்டும் பாட்டுகளை அள்ளிப் போட்டார். ஒன்றை ஓடவிட்டுச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தார். அதன் லேபிளில் வருஷம் தப்பாக இருந்தது. திருத்தினார். பழக்கம் விடுமா?

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவளின் காதில் அவரே இயர்ஃபோனைப் பொருத்தி, கருவியை நர்ஸிடம் கொடுத்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நல்லதா போட்டிருக்கீங்கல்ல?"

"நீயே கேளேன்" என்றார். பொய் சொல்லவில்லை.

கதவு மூடியது. மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். களஞ்சியம் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தார். பாதி படிக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

வருஷத்தைத் திருத்துவதற்காக, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும்படி அமுக்கிய பட்டனை அவர் விடுவிக்கவில்லை.

அப்படியானால், நர்ஸ் கருவியை ஓடவிட்டதும் வரிசையில் முதலில் இருப்பது எதுவோ, அதுதான் உள்ளே முழுநேரமும் ஓடும். பெயர் தெரியாத பாட்டெல்லாம் பட்டியலில் வெறும் எண்ணாக நிற்கும். எண்கள்தான் முதலில் வரும். அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ஒன்றே ஒன்றைத் தவிர. நவீன இசை என்று யாரோ மெச்சியதற்காக இறக்கி வைத்த பதிவு ஒன்று அங்கே இருந்தது. இரும்புக் கம்பிகளை மெஷினில் வைத்து அறுக்கிற சத்தம், நாற்பது நிமிஷத்துக்கு. இருபது விநாடி கேட்டுவிட்டு, ஆழமான படைப்பு என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

எழுந்து ஓடிக் கதவைத் தட்டினார். ஒரு நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு பட்டனை அமுக்கணும்."

"எந்தப் பட்டன்?"

"பாட்டுப் பெட்டியில. ஒரே பாட்டே ஓடிட்டிருக்கும்."

"சார், உள்ள காலைத் திறந்து வச்சிருக்காங்க. போய் உக்காருங்க."

கதவைச் சாத்துவதற்குள் அது கேட்டது. மெல்லிசாக ஒரு இரைச்சல் தொடங்கி, கெட்டியான எதிலோ பட்டு, குரல் மாறி, ஆழமாக இறங்கியது. நின்றது. மறுபடி தொடங்கியது. அப்புறம் சுத்தியல். டக். டக். டக்.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் கேட்டது. அவளுக்கு இது வெளியிலிருந்தும் கேட்கும், இயர்ஃபோனுக்குள்ளிருந்தும் கேட்கும். ஒன்று ஓய்ந்தாலும் மற்றது ஓயாது. கையை அசைக்கக் கூடாமல், சொல்ல ஆளில்லாமல் படுத்திருப்பாள். இதைச் செய்தது அவர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் குனிந்து தோளைத் தொட்டான். "பயப்படாதீங்க மாமா. வலி இருக்காது. சத்தம் மட்டும்தான்."

வெகுநேரம் கழித்து அவளை வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். களஞ்சியம் கிட்டே போகவே தயங்கினார். அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, யாருங்க அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"இயர்ஃபோன்ல வந்தாரே. 'இடது'ன்னாரு. 'ஊம்'னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் 'வலது'ன்னாரு. மறுபடி 'ஊம்'. கடைசில 'இரண்டும்'னு சொன்னாரு பாருங்க, எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. ஒரு காலுக்குத்தானே கையெழுத்துப் போட்டோம்னு."

"ரம்பம்?"

"அந்த 'ஊம்'ல எதுவும் கேக்கலைங்க. திரும்பத் திரும்ப அதேதான் வந்துச்சு. நிதானமான குரல். அவரு அடுத்து என்ன சொல்லுவாருன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால பயமே வரலை. அவரையே பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்." கையை நீட்டி அவர் கையைத் தேடினாள். "எத்தனை லட்சத்துல தேடி எடுத்தீங்களோ."

களஞ்சியம் நர்ஸிடமிருந்து கருவியை வாங்கித் திரையைப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ரொம்ப அபூர்வமான பதிவு அது" என்றார்.

அது, புது ஹெட்ஃபோனில் இரண்டு காதும் ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்ப்பதற்காக, அந்த டப்பாவோடு இலவசமாக வந்தது.