சுவருக்குள் ஒரு டப்பா

பாடையைக் கட்டிவைத்து வெகுநேரமாகியும் கூத்தையாவுக்குத் தோள் கொடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பங்காளிகள் வேப்பமரத்தடியில் கூடிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் முத்தழகுவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

பெரியவர் சின்னச்சாமி மட்டும் வாயைத் திறந்தார். "தப்பா நினைக்காத தாயி. பூட்டிக் கெடக்குற தையல் கம்பெனிக்கு ஒங்கய்யா காவல் இருந்தாரு, சரி. கார்ல வந்தவங்கெல்லாம் பின்சுவத்துல கைய விட்டுத் துழாவிட்டுப் போனாங்களே, அது என்ன சரக்கு? நம்மது கடக்கரை ஊரு. நாளைக்குப் போலீசு வந்தா தூக்குனவனத்தான் கேக்கும்."

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. கம்பெனி ஓடிய காலத்தில் அங்கே சட்டைக் காலர் தைத்தவள் அவள். சம்பளம் நின்ற பிறகும் அய்யா சாயங்காலமானால் அங்கேயே போய்க் குந்தியிருந்தார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நேற்று அந்தச் சுவரோரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தும் போனார். அப்படி என்னத்தை ஒளித்துவைத்தார் மனுஷன்?

கம்பெனிப் பக்கமிருந்து தம்பி மருதுபாண்டியின் கத்தல் கேட்டது. முத்தழகு எழுந்து ஓடினாள்.

தம்பி ஓர் இளைஞனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். அந்த இளைஞன் கையில் செல்போன் மாதிரி ஒரு கருவி.

"கடத்தலெல்லாம் இல்லக்கா. நான் கீழக்கரை சதக்கத்துல்லா, துபாய்ல வேலை. அங்க இது ஒரு வெளையாட்டு. ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சு, எங்க இருக்குன்னு இன்டர்நெட்டுல போடுவோம். எடத்தக் காட்டுற இந்த மிஷினப் பாத்துத் தேடி வாரவங்க ஒரு சாமான எடுத்துட்டு இன்னொண்ண வச்சிட்டுப் போகணும். லீவுல வந்தப்ப நான்தான் இங்கன வச்சேன்."

"யாரு காதுல பூ சுத்துற?" என்றான் தம்பி.

"ஏலே, விடுறா அவர." முத்தழகு இளைஞன் பக்கம் திரும்பினாள். "எடுங்க, பாப்போம்."

சுவர்ப் பொந்தைச் சுற்றி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. டப்பாவுக்குள் ஒரு சாவிக்கொத்து, பொம்மைக் கார், வெளிநாட்டுக் காசு. அடியில் மஞ்சளில் நனைத்த துணி முடிச்சு. கம்பெனியில் மிஞ்சிய காலர்த் துணிதான். தொட்டால் உள்ளே ஒரு நாணயம் நெருடியது.

"இது எங்க வெளையாட்டுல சேராதுக்கா. யாரோ நேந்து முடிஞ்ச காசுன்னு போன தடவையே தெரிஞ்சுச்சு. தொடல."

முத்தழகுவுக்கு மெல்லப் புரிந்தது. யார் யாரோ தேடி வருகிறார்கள். பொந்து முன்னால் குனிகிறார்கள். எதையோ வைத்து, எதையோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போகிறார்கள். அய்யா வேறு என்னவென்று நினைத்திருப்பார்? எதற்காகக் காசு முடிந்தாரோ. புருஷனோடு சண்டைபோட்டு வந்து வீட்டோடு கிடக்கும் தனக்காகவா, கம்பெனி திறக்கவேண்டும் என்றா? கேட்க ஆளில்லை. அய்யாவைச் சந்தேகப்பட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. முடிச்சை அவிழ்க்காமல் டப்பாவை மூடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னச்சாமி மறித்தார். "என்ன தாயி இருந்துச்சு?"

தம்பி வாயெடுத்தான். அவள் அவன் கையை அழுத்தினாள்.

"சாமி இருந்துச்சு. அய்யா காசு முடிஞ்சு வச்சிருக்காரு."

"கம்பெனிச் சுவத்துலயா?"

"நம்பிக்கை இல்லாதவங்க போய்ப் பாருங்க. செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

சின்னச்சாமி பாடைப் பக்கம் திரும்பினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவருக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒவ்வொரு துண்டாக இடுப்புக்கு இறங்கியது.