எச்சில் படாத கிண்ணம்

தொண்ணூற்றாறில் ஒரு சாயங்காலம், மயிலாப்பூர் சபா மாடியில் ஜப்பான்காரம்மா பழைய சம்பிரதாயப்படி தேநீர் கலக்கினாள். "எல்லாருக்கும் ஒரே கிண்ணம். முதல் விருந்தாளி குடிக்கிற மாதிரியே மற்றவர்களும் குடிக்க வேண்டும்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, கிண்ணத்தை விஜயலக்ஷ்மி மாமியிடம் நீட்டினாள்.

மாமிக்குத் திக்கென்றது. ஆத்துல காப்பியையே தூக்கிக் குடிக்கிறவள். தன் எச்சிலை ஊருக்கெல்லாம் கொடுப்பதா? கிண்ணத்தைத் தூக்கி அண்ணாந்தாள். கூழாட்டம் இருந்த பச்சைத் தேநீர் இறங்குவேனா என்றது. ஒரு குலுக்கு குலுக்கினாள். பொத்தென்று மூக்கில் விழுந்தது.

பச்சை மூக்கோடு நிமிர்ந்தாள். ஏன் ஒருத்தரும் சிரிக்கவில்லை?

பக்கத்திலிருந்த கைசர் ஜஹான் பயபக்தியோடு கிண்ணத்தை வாங்கி, அண்ணாந்து, ஒரு குலுக்கு குலுக்கினாள்.