வேலியில் சிவப்பு

சுப்பாத்தாள் வீட்டு வாசலில் நான் காறித் துப்பினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்து நாலில் பொள்ளாச்சிப் பக்கத்து அரிசியை எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் கொண்டுவரத் தடை. இங்கே ரேஷனில் கிடைத்ததோ புழுத்த அரிசி, அதுவும் அரை வயிற்றுக்கு. செக்போஸ்ட்டில் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தார்கள். அதனால் நாங்கள் எட்டுப் பெண்கள் தலையில் அரிசி மூட்டையோடு காட்டு வழியாக நடந்தோம்.

எங்களுக்குத் தலைவி கிடையாது. வழியில் மூன்று வீடுகள். ஆபத்து இல்லையென்றால் அந்தந்த வீட்டுக்காரி வேலியில் சிவப்புச் சீலையைக் காயப்போடுவாள். ஒரு வீட்டுக்காரிக்கு அடுத்த வீடு எது என்று தெரியாது. அதனால் ஒருத்தி பிடிபட்டாலும் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க முடியாது. இந்த ஏற்பாடு என்னுடையது. "யார்கூடவும் பேச வேண்டாம். செவப்புத் தெரிஞ்சா நடங்க" என்று நான்தான் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு மத்தியானம் சுப்பாத்தாள் வேலியில் சிவப்புத் தெரிந்தது. முன்னால் போன என் தங்கை பழனாத்தாள் வேலியை நெருங்கியதும், கள்ளிப்புதருக்குப் பின்னாலிருந்து செக்போஸ்ட்டுக்காரர்கள் இரண்டு பேர் எழுந்தார்கள். நாங்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினோம். ஆறு மாத வயிற்றோடு அவளால் ஓட முடியவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே சுப்பாத்தாள் வாசலில் போய் நின்றேன்.

"எத்தன படி அரிசிக்குடி எந்தங்கச்சிய வித்தே?"

"மாரியாத்தா சத்தியமா நானில்லீங்கக்கா. காலைலயே ஊட்டப் பூட்டிட்டுக் களையெடுக்கப் போயிட்டனுங்க."

"அப்ப சீலை தானா நடந்து வந்து வேலியில ஏறுச்சா?"

"சீலை பொட்டிக்குள்ளதான் இருக்குதுங்க. உள்ள வந்து பாருங்க."

நான் பார்க்கவில்லை. துப்பிவிட்டு வந்தேன். அவளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடக்கூடாது, களையெடுக்கக் கூப்பிடக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பழனாத்தாள் ஜாமீனில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு முதலில் சொன்னது இதைத்தான்:

"அக்கா, அது சீலையே இல்ல. செக்போஸ்ட்டுக் கம்பத்துல கட்டற செவப்புக் கொடித்துணி. கிட்டப் போனப்புறந்தான் தெரிஞ்சுது. பத்து நாளா டீக்கடையில ஒக்காந்து சுப்பாத்தா வேலியையே பாத்திருக்கறாங்க. ஸ்டேஷன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

சிரித்தவர்களை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஆனால் அவர்கள் பிடிக்கத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்? எவன் எந்தச் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டாலும் நடங்கள் என்று எட்டுப் பெண்களைப் பழக்கிவைத்தவள் நான். புத்திகெட்ட முண்டம்.

சுப்பாத்தாள் வாய்க்காலிலிருந்து கலங்கல் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தாள். "தப்புப் பண்ணிப்போட்டேன் சுப்பாத்தா" என்றேன். குடத்தை இறக்கி வைத்தாள். உள்ளே போனாள். சிவப்புச் சீலையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கங்க. செவப்பத் தெரிஞ்ச அளவுக்கு என்னத் தெரியலீங்களாக்கா உங்களுக்கு?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

சீலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அன்று அவள் வந்து பார்க்கச் சொன்ன பெட்டி, நான் துப்பிய இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.