கடைசியாக நிற்கிற பட்டம்

பதினொரு மாதம் ஆகியும் என் பிள்ளைக்குப் பெயர் இல்லை. ஊரே அவனைப் பெபிஸ் என்று கூப்பிட்டது. பெபிஸ் என்றால் குழந்தை, அவ்வளவுதான். ஞானஸ்நானம் ஆகும் வரை எங்கள் தீவில் எல்லாக் குழந்தைகளும் பெபிஸ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்ற வீடுகளில் என்ன பெயர் வரப்போகிறது என்றாவது தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பேச ஆரம்பித்தாலே காபிக் கோப்பைகளை அலமாரியில் எடுத்து வைத்துவிடுவேன். உடைந்தால் யார் வாங்குவது?

சண்டை இரண்டு தாத்தாக்களுக்கு நடுவில். என் மாமனார் பொலிகார்ப்போஸ், மகன் பெற்ற பிள்ளைக்குத் தன் பெயர்தான் என்றார். முறைப்படி பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் என் கணவன் ஸ்த்ராதிஸின் அண்ணன் மகன் ஒரு பொலிகார்ப்போஸ், தங்கை மகன் இன்னொரு பொலிகார்ப்போஸ். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் யாராவது "பொலிகார்ப்போஸ், அந்த உப்பை எடு" என்றால் மூன்று கைகள் ஒரே நேரத்தில் நீளும். இதில் நாலாவது ஒன்றா?

என் அப்பா அனர்கிரோஸ் முடிதிருத்துபவர். நான் அவருக்கு ஒரே பெண். "என் பேரு என்னோட குழிக்குள்ள போயிரும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அடுத்த நிமிடமே, "அவன் தூங்குற கூரை யார் கொடுத்தது? கூரை என்னுது, பேரு மட்டும் அவருதா?" என்பார். வீடு அவர் எனக்குச் சீதனமாகக் கொடுத்தது, அதுவும் உண்மை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் என் தலையெழுத்து.

ஸ்த்ராதிஸிடம் கேட்டால், "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிப் போய்விடுவான். அவன் அந்தக் குளிர்காலத்தில் பிடித்த அளவு மீன் வேறெந்த வருஷமும் பிடித்ததில்லை.

பெற்றவளை யாரும் கேட்கவில்லை. என் மனதில் ஒரு பெயர் இருந்தது. குளிப்பாட்டும்போது குழந்தையின் காதில் மட்டும் சொல்வேன். சிரிப்பான். குளிப்பாட்டும்போது எதைச் சொன்னாலும் சிரிப்பான் என்பது வேறு விஷயம்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் என்று குறித்தாயிற்று. பாதிரியார் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரு பேரைச் சொல்லுங்கப்பா, நான் எழுதிட்டுப் போறேன்" என்றார். தாத்தாக்கள் ஒரு மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் மாமனார் மேஜையைத் தட்டி, "தூய திங்கள் வருதில்ல? பட்டத்துல பாத்துக்கலாம் சம்பந்தி!" என்றார்.

எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாக இருக்கும் ஒரே பைத்தியம் அதுதான். தவக்காலம் தொடங்கும் அந்தத் திங்கட்கிழமை ஊரே கடற்கரைக்கு வந்து பட்டம் விடும். மற்றவர்கள் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நாங்கள் ஒரு மாதம் முன்பே நாணல் வெட்டி, சீவி, காய வைப்போம். அத்தை பசை காய்ச்ச, சித்தப்பா நூலைப் பூட்டச் சூத்திரம் கட்ட, வாலுக்குக் காகித முடிச்சுப் போடுவது எப்போதும் நான். நூலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவே கற்றேன் என்று அப்பா பெருமை பேசுவார். அந்தப் பெருமையை அவர் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கலாம்.

"கடைசியா வானத்துல எந்தப் பட்டம் நிக்குதோ, அதை விட்டவங்க வெக்கிறதுதான் பேரு. அதிதூதர் மேல சத்தியம்" என்றார் அப்பா.

"அதிதூதர் மேல சத்தியம்" என்றார் மாமனார்.

எங்கள் தீவில் மிக்கேல் அதிதூதர் மேல் சத்தியம் செய்துவிட்டு யாரும் பின்வாங்கியதில்லை. பின்வாங்கியவன் வீட்டுக்கு அவர் இரும்புச் செருப்பு போட்டுக்கொண்டு ராத்திரியில் வருவார் என்பார்கள். பாதிரியார் சிலுவை அடையாளம் போட்டார். நான் காபித் தட்டோடு கதவருகில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டேன். பிறகு தட்டை வைத்துவிட்டு, சமர்த்துப் பெண்ணாகப் போய்க் குழந்தைக்கு ஜட்டி மாற்றினேன்.

தூய திங்கள் அன்று காற்று அருமையாக இருந்தது. மணலில் விரிப்புகள், லகானா ரொட்டி, ஆலிவ், வெங்காயம், சுட்ட கணவாய், அல்வா, ஊசோ சாராயம். இறைச்சி கிடையாது, அதனால் எல்லோரும் இரண்டு மடங்கு சாப்பிட்டார்கள். பாதிரியார் நடுவர். அவருக்கு நாற்காலி போட்டு, தட்டையும் நிரப்பிக் கொடுத்தாயிற்று.

மாமனாரின் பட்டம் ஆறு மூலை, அவர் உயரம், பச்சைக் காகிதம். அப்பாவுடையது அதே அளவு, சிவப்பும் வெள்ளையும். இரண்டும் பருத்தி நூலில்தான் ஏறும். நைலானில் ஏறுவது பட்டமே இல்லை என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. பத்து மணிக்கு இரண்டும் மேலே போய் நின்றன, எங்கள் மக்களின் கைதட்டலோடு.

அப்போது நான் பையைத் திறந்தேன். பேருந்து நிலையக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டம். அதில் ஓர் ஆந்தை கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"என்ன இது?" என்றான் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஸ்த்ராதிஸ்.

"பாத்தா தெரியல? பட்டம்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவன் முகம் வெளுத்தது. அதற்கு நான் நூல் சுற்றி வைத்திருந்த கட்டையைப் பார்த்ததும் இன்னும் வெளுத்தது. "மிர்சினி, அது என் தூண்டில் நரம்பு. எண்பது கிலோ மீனைத் தாங்கும்!"

"நம்ம அப்பன்மார் ரெண்டு பேரும் சேந்து நூத்தி எண்பது. கம்மிதான், என்ன பண்றது?"

ஆந்தை ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, கேவலமாக ஏறியது. தலையை ஆட்டி ஆட்டி, குடித்தவனைப் போலப் போய் மற்ற இரண்டுக்கும் கீழே நின்றது.

"யாரு அது, நடுவுல குப்பையப் பறக்க விடுறது?" என்று கத்தினார் மாமனார்.

"நான்தான் மாமா. நானும் பந்தயத்துல இருக்கேன்."

"நீயா? சத்தியம் பண்ணது நாங்க ரெண்டு பேரு!"

"பட்டம் ரெண்டுதான்னு யாரும் சத்தியம் பண்ணலையே. ஃபாதர், நீங்களே சொல்லுங்க."

பாதிரியார் கணவாயை மென்று விழுங்கும் வரை ஊரே காத்திருந்தது. "சொல்லல. எந்தப் பட்டம் நிக்குதோன்னுதான் சொன்னாங்க. அதிதூதர் சாட்சி, நானும் சாட்சி" என்றார்.

"மிர்சினி!" என்றார் அப்பா. "பெத்த அப்பனுக்கே போட்டியா?"

"பெத்த பிள்ளைக்காகப்பா."

தோற்றால் என் பிள்ளை ஆயுசுக்கும் ஒரு கிழவரின் பெயரைச் சுமக்க வேண்டும். நான் ஆயுசுக்கும் அதைக் கூப்பிட்டுச் சோறு ஊட்ட வேண்டும். ஜெயித்தாலும் இரண்டு வீட்டிலும் என் முகத்தில் யார் விழிப்பார்கள்? ஆனால் நூல் கையில் இழுக்கும்போது அதையெல்லாம் யோசிக்க முடிவதில்லை.

பதினோரு மணிக்குக் காற்று குறைந்தது. காகிதப் பட்டங்கள் இரண்டும் அசையாமல் நின்றன. நாணலும் காகிதமும் இலேசு, கொஞ்சம் காற்று போதும். என் ஆந்தை இறங்க ஆரம்பித்தது. இழுத்தேன், பின்னால் நடந்தேன், நரம்பைச் சுற்றினேன். தண்ணீருக்கு மேல் நாலு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது.

அந்த நேரத்தில் அந்த இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் போதும். ஆளுக்கு நாலு ஆலிவ் தின்பதற்குள் நான் தோற்றிருப்பேன். ஆனால் எங்கள் தீவில் பட்டம் விடுகிறவன் எவனும் இன்னொரு பட்டம் தானாக விழுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டான். தான் அறுத்து விழவேண்டும்.

"சம்பந்தி!" என்றார் மாமனார். பதினொரு மாதத்தில் அந்த வார்த்தையை அவர் மரியாதையாகச் சொன்னது அன்றுதான். "நீங்க இடது பக்கமா வாங்க. நான் வலது பக்கமா வர்றேன். முதல்ல இதை முடிச்சிட்டு நம்ம கணக்கைப் பாத்துக்கலாம்."

"அப்படியே ஆகட்டும் சம்பந்தி" என்றார் அப்பா.

என் நரம்புக்கு இரண்டு பக்கமிருந்தும் பருத்தி நூல்கள் வந்து விழுந்தன. ஒன்று இப்படிச் சுற்றியது, ஒன்று அப்படிச் சுற்றியது. இரண்டு பேரும் மீனவர் வலை இழுப்பது போலக் குனிந்து நிமிர்ந்து அதைத் தேய்த்து அறுக்கப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க, என் வால் அவ நூல்ல படணும்!" என்று கத்தினார் அப்பா. "வால்ல பிளேடு கட்டியிருக்கேன்!"

மாமனாரின் கை நின்றது. "பிளேடா? யோவ், அது யாருக்குக் கட்டினது?"

"அதைப் பேசற நேரமா சம்பந்தி இது?"

"எனக்குத்தானய்யா கட்டியிருக்க! திருட்டு நாவிதா!"

"அப்பா," என்றேன் நான், "அந்தப் பிளேடு வீட்ல சோப்புக் கிண்ணத்துல இருக்கு. வாலுக்கு முடிச்சுப் போட்டது யாருன்னு நினைச்சீங்க? அங்க இப்ப ஒரு ஆலிவ் கொட்டை கட்டியிருக்கு."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே இன்னொன்று. எண்பது கிலோ மீனுக்கான நரம்பின் மேல் பருத்தி நூலை அந்த வேகத்தில் தேய்த்தால் எது அறுபடும்? இரண்டு நூலும் முறுக்கு விழுந்த இடத்துக்குக் கீழே அறுந்தன. முறுக்குக்கு மேலே இருந்த நூல் என் நரம்பை விடவில்லை. பச்சைப் பட்டமும் சிவப்புப் பட்டமும் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடி காற்றில் நிமிர்ந்து நின்றன, இந்த முறை என் நூலில்.

நான் முன்னால் இழுபட்டேன். செருப்பு மணலிலேயே நின்றுவிட்டது. தண்ணீருக்குள் போய் விழுந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்புப் பட்டையைப் பிடித்தது. ஸ்த்ராதிஸ், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் நான்.

"விட்டுடாத" என்றான் காதருகில். "நானும் இதைத்தான் பதினொரு மாசமா வேண்டிக்கிட்டிருந்தேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"பயம்தான்."

பெரிய பட்டங்கள் இரண்டும் மேலே இழுக்க, தண்ணீரைத் தொடப் போன ஆந்தையும் அவற்றுக்கு நடுவே போய் நின்று கண்ணடித்தது. கடற்கரையில் இரண்டு கிழவர்கள் வெறுங்கட்டையோடு நின்றார்கள். மாமனாரின் நூல்முனை அவர் செருப்பின் மேல் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, மறைக்கவில்லை.

பாதிரியார் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வானத்துல நிக்கிற பட்டம் மூணும் அவ கையில இருக்கு. பேரைச் சொல்லும்மா."

"ஒரெஸ்டிஸ்" என்றேன். குழந்தையின் காதைத் தவிர வேறெங்கும் சொல்லாத பெயர். சத்தமாகச் சொன்னதும் எனக்கே புதிதாக இருந்தது.

இரண்டு பேரும் யோசித்தார்கள்.

"ஒரெஸ்டிஸா? நம்ம ரெண்டு வீட்லயும் அப்படி யாரும் இல்லையே" என்றார் அப்பா.

"அதனாலதான்பா."

மாமனார் தாடையைச் சொறிந்தார். "அனர்கிரோஸ் இல்லையே?"

"இல்ல மாமா."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."

"பொலிகார்ப்போஸும் இல்லைல்ல?" என்றார் அப்பா அவசரமாக. "நடுவுல ரெண்டாவது பேரா அப்படி இப்படின்னு?"

"கிடையாதுப்பா."

"அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல."

பதினொரு மாதம்! எத்தனை காபிக் கோப்பை! மற்றவர் தோற்றால் போதும் என்றுதான் இரண்டு பேரும் என் உயிரை வாங்கினார்களா? எனக்கு வந்த கோபத்தில் கட்டையை அவர்கள் மேலேயே வீசியிருப்பேன். அதில்தான் மூன்று பட்டமும் இருந்தன.

"சரி சரி, மெதுவா இறக்கு" என்றார் மாமனார், கையை நீட்டிக்கொண்டு. "பச்சை என்னுது. ஒரு மாசம் உக்காந்து செஞ்சது."

"சிவப்பு என்னுது" என்றார் அப்பா. "காகிதம் கிழியாம பாத்து இறக்கும்மா."

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றேன். ஸ்த்ராதிஸிடம் குழந்தையை மணலில் உட்கார வைக்கச் சொன்னேன். கட்டையைக் குழந்தையின் இரண்டு காலுக்கு நடுவில் ஊன்றி, நரம்பை நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அவன் கட்டையைக் கட்டிக்கொண்டு அதன் முனையைக் கடித்தான். "இது அவனுக்காக விட்ட பட்டம். வேணும்னா அவனைக் கேளுங்க. பெபிஸ்னு கூப்பிட்டா தர மாட்டான்."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதிரியார் அல்வாவை எடுத்துக்கொண்டு முன் வரிசைக்கு வந்தார். மாமனார் வானத்தைப் பார்த்தார், தன் பச்சைப் பட்டத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு இரண்டு முழங்காலும் சொடக்கு விட மணலில் மண்டியிட்டார். அவர் மட்டும் வாங்கிவிடுவாரோ என்ற பயத்தில் அப்பாவும் பக்கத்தில் தொப்பென்று மண்டியிட்டார்.

"ஒரெஸ்டிஸ்" என்றார் மாமனார், வாயில் சூடான உருளைக்கிழங்கைப் போட்டவர் மாதிரி. "டேய் ஒரெஸ்டிஸ், தாத்தாவோட பட்டத்தைத் தருவியாடா, ராஜா?"

"முதல்ல எனக்குடா ஒரெஸ்டிஸ்!" என்றார் அப்பா.

என் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான்.