அஜரத்து ஊரில் இல்லாத நாட்கள்

கதிர்வீச்சில் கரைந்த கட்டி, ருக்ஷானாவின் கர்ப்பப்பை வாயில் அதே இடத்தில் திரும்ப வந்திருந்தது.

"வேற எங்கயும் பரவல. அதனாலதான் ஆபரேஷனப் பத்திப் பேசவே முடியுது," என்றார் சென்னை டாக்டரம்மா. கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். வயிற்றில் ஒரு துளை. அங்கே ஒட்டிய பையில் சிறுநீர் ஆயுளுக்கும் வடிந்துகொண்டிருக்கும். "தள்ளிப்போட்டா இதுவும் முடியாமப் போயிடும்."

உயிரோடு இருந்தால் போதும் என்று ருக்ஷானா அப்போதே முடிவு செய்துவிட்டாள். திரும்பும் வழியில், பஸ் தியாகதுருகத்தைத் தாண்டும்போது கணவன் ஜுனைத் மெல்லக் கேட்டான்.

"சொட்டிக்கினே இருந்தா ஒளு எப்படி நிக்கும்? நீ எப்படி தொழுவ? பள்ளிவாசல் அஜரத்தக் கேட்டுட்டு சொல்லிடலாம்."

சிறுநீர் சொட்டினால், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும். தனக்கு உயிர்தான் முதலில் தோன்றியது, அவருக்குத் தன் தொழுகை தோன்றியிருக்கிறதே என்று வெட்கப்பட்டாள். அந்த அக்கறை இனிக்கவும் செய்தது.

அதன்பின் எப்போது கேட்டாலும் ஒரே பதில். "அஜரத்து வெளியூர் போயிருக்காரு." வலி கூடியது. ஜுனைத் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். அவள் நன்றாகத் தூங்கட்டும் என்றுதானாம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அஜரத்தின் மனைவி ஜன்னதுல் பிர்தௌஸுக்குத் தானே போன் செய்தாள்.

"வெளியூரா? மூணு வேளையும் என் கையாலதான் சாப்புட்டுக்கினு இருக்காரு! நீங்க சென்னைலேர்ந்து வந்த அன்னிக்கே உன் வூட்டுக்காரர் வந்து கேட்டாரேம்மா. நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சிக்கினா போதும், மொதல்ல ஆபரேஷன் பண்ணுங்கன்னு சொல்லி அனுப்பினாரே."

அன்று மாலை, பிளாஸ்டிக் சாமான் கடையைப் பூட்டிவிட்டு ஜுனைத் வந்தான். நாளெல்லாம் வாளியும் குடமும் பையும் விற்ற கைகள்.

"அன்னிக்கே கேட்டீங்களாமே."

அவன் உட்காரவில்லை. "அந்தப் பையோட... தெனமும் உன்ன எப்படி பாக்கறது, ருக்கு?"

கோபம் வரும் என்று காத்திருந்தாள். பஸ்ஸில் இனித்ததுதான் குமட்டிக்கொண்டு வந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்த நாட்களில் இவன் சும்மா இருக்கவில்லை, காத்திருந்திருக்கிறான். ஆபரேஷன் முடியாமல் போகட்டும் என்றுதானா? அதை அவளால் கேட்க முடியவில்லை. பதில் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

"காலைல சென்னைக்குக் கிளம்பறேன். கையெழுத்து நான் போட்டா போதும்."

"தனியாவா?"

"ஜன்னத்து அக்கா வராங்க. நீங்க கடையப் பாத்துக்கிங்க." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அஜரத்து வெளியூர்லேர்ந்து வந்தா சலாம் சொன்னேன்னு சொல்லுங்க."