ராஜா ஜோடியைக் கலைத்த வெள்ளிக்கிழமை

ஆட்டத்தில் ஜெயித்தால் பாஸ்போர்ட் கைக்கு வரும் என்று முதலாளி ரெங்கராஜ் சொல்லியிருந்தார். தோற்றால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, சோலையப்பனுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

வளைகுடாவில், அல் குசைஸ் என்ற பகுதியில் ரெங்கராஜுக்கு ஒரு கிடங்கு இருந்தது. மால்களில் பிள்ளைகள் விளையாடும் கேம் மெஷின்கள் பழுதானால் அங்கேதான் வரும். அவற்றைச் சரிபார்ப்பது சோலையப்பன் வேலை. தோஹாவில் வேறு வேலை கிடைத்திருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டை ரெங்கராஜ் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

கப்பலில் வந்து இறங்கிய வீடியோ போக்கர் என்ற சீட்டுச் சூதாட்ட மெஷின்கள் இரண்டை அவர் கிடங்கின் பின்பக்கம் மறைத்து வைத்திருந்தார். பழுது பார்த்தபின் சோதனைக்காக சோலையப்பன் அதில் ஆடுவதைப் பார்த்தவருக்கு யோசனை வந்துவிட்டது. இன்னொரு காண்ட்ராக்டரிடம் பந்தயம் கட்டினார். அவர் ஆள் ஒருவர், இவர் ஆள் ஒருவர்; குறித்த நேரத்துக்குள் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் பக்கம் ஜெயிப்பு.

"இந்த ஊருல சூதாட்டம்னா ஜெயிலுடா" என்றான் ரூம்மேட் தியாகு. உல்லாசக் கப்பலின் சூதாட்டக் கூடத்தில் வேலை பார்த்து வந்தவன் அவன். "மாட்டுனா உள்ள போட்டுட்டுத்தான் ஊருக்கு அனுப்புவான்."

"மாட்டேன்னு சொன்னா பாஸ்போர்ட்ட கண்ணுலயே காட்ட மாட்டாரு. எப்புடி ஆடணும்னு மட்டும் சொல்லு."

தியாகு வேண்டாவெறுப்பாகச் சொன்னான். மெஷின் ஐந்து சீட்டு காட்டும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால் புதுச்சீட்டு வரும். நல்ல சேர்க்கைக்குப் புள்ளி. "தனியா ஆடுறப்ப சின்ன ஜோடி வந்தாக்கூட விடக்கூடாது. போட்டி வேற. இதுல நம்ம காசு இல்ல, மெஷின் குடுக்குற வெறும் புள்ளி, போனா நட்டமில்ல. ஒரு புள்ளில தோத்தாலும் நூறு புள்ளில தோத்தாலும் ஒரே கதிதான். அதனால வேகமா ஆடு, யோசிக்காத. நேரம் முடிஞ்சப்புறம் மிச்சமிருக்குற ஆட்டம் குப்பை. பின்தங்கிட்டன்னா கையில இருக்குற சின்னத விட்டுட்டுப் பெருசுக்குப் போ."

வெள்ளிக்கிழமை, ஊரே ஜும்மா தொழுகைக்குப் போன நேரத்தில் ஷட்டரை இறக்கினார்கள். எதிராளி ஒரு பெண் என்பதை அப்போதுதான் சோலையப்பன் பார்த்தான். பாஹிமா, இலங்கைக்காரி, பெண்கள் சலூனில் வேலை. அவளைக் கூட்டிவந்த காண்ட்ராக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

ரெங்கராஜ் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பாமலே மெல்லக் கேட்டாள். "அண்ணா, பொலிஸ் வந்தா எந்தப் பக்கத்தால ஓடுறது?"

தப்பி ஓடும் வழியை அதுவரை அவன் நினைத்தே பார்க்கவில்லை. "அந்தப் பழைய மெஷினுக்குப் பின்னாடி சின்னக் கதவு இருக்கு. தாழ்ப்பாள் இறுகிக் கெடக்கும்" என்றான்.

ஆட்டம் தொடங்கியது. தியாகு சொன்னபடியே அவன் கை ஓடியது. ஆனால் பாஹிமா அவனைவிட வேகம். அவளுக்கு நான்கு எட்டு ஒன்றாக விழுந்ததும் அவள் புள்ளி எட்டாத உயரத்துக்குப் போனது. ரெங்கராஜின் மூச்சு சோலையப்பன் கழுத்தில் பட்டது.

அப்போதுதான் ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

ரெங்கராஜ் பாய்ந்துபோய் விளக்கை அணைத்தார். இருட்டில் இரண்டு திரைகள் மட்டும் நீலமாக எரிந்தன. பாஹிமாவின் கை பொத்தான்மேல் உறைந்து நின்றது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அடிடா" என்று ரெங்கராஜ் காதுக்குள் சீறினார். "அவ நின்னுட்டா. அடி."

சோலையப்பன் பொத்தானை அமுக்கினான். திரையில் ராஜா ஜோடி. நிச்சயமான புள்ளிதான், ஆனால் அவளை எட்ட அது போதாது. அதில் ஒரு ராஜா ஆட்டின், சிவப்பு இதயச் சீட்டு; அதே ஆட்டின் வகையில் ராணியும் ஜாக்கியும் இருந்தன. அவன் ஜோடியைக் கலைத்தான். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளினான்.

ஆட்டின் பத்து வந்தது. பிறகு ஆட்டின் ஏஸ்.

எல்லாவற்றுக்கும் மேலான சேர்க்கை அது. சந்தோஷப்பட அவனுக்கு நேரமில்லை. மெஷின் வாய்விட்டுப் பாடத் தொடங்கியது. மணியும் மேளமுமாய்க் கிடங்கே அதிர்ந்தது. அவன் இரண்டு கைகளாலும் ஒலிபெருக்கியைப் பொத்தினான். பாட்டு விரலிடுக்கில் வழிந்தது.

தட்டல் நின்றது. பிறகு ஷட்டரே பிளக்கிற மாதிரி இடி விழுந்தது. அரபியில் ஓர் அதட்டல்.

ரெங்கராஜ் அலமாரியை நோக்கி ஓடினார். சோலையப்பன் பாஹிமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பழைய மெஷின்களுக்கு இடையே புகுந்தான். தாழ்ப்பாள் அசையவில்லை. அவளும் சேர்ந்து தொங்கினாள். அவன் உள்ளங்கை கிழிந்தது, கதவு திறந்தது. வெளியே வெயில் முகத்தில் அறைந்தது.

"ஓட வாணாம், நடங்க" என்றாள் அவள். தொழுகை முடிந்து வந்த கூட்டத்துக்குள் இருவரும் கலந்தார்கள். சாலை திரும்புமிடத்தில் அவள் வேறு பக்கம் போய்விட்டாள்.

ரெங்கராஜும் அந்தக் காண்ட்ராக்டரும் பிடிபட்டார்கள். சோலையப்பன் தியாகுவின் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு, படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கினான். அலமாரியில் இருந்த பாஸ்போர்ட்டுகளை அவரவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று போலீஸ் சொன்னதாகத் தியாகு சேதி கொண்டுவந்தபோது அவனுக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"அவரு எம்பேரச் சொல்லியிருந்தா? நானே போயி தலைய நீட்டுன மாதிரி ஆயிரும்."

"போகாட்டி இங்கயே கெடந்து சாவ" என்றான் தியாகு.

போனான். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி பாஸ்போர்ட் படத்தையும் அவன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "க்யா காம்?" என்ன வேலை என்று இந்தியில் கேட்டார்.

"மெஷின் ரிப்பேர், சாப்."

"கௌன்சா மெஷின்?" எந்த மெஷின் என்றார் அதிகாரி.

சோலையப்பன் காயம்பட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "பச்சா லோக் கா கேம், சாப்." பிள்ளைகள் விளையாடுவது என்றான்.

அந்தக் கை எங்கே போனது என்று அதிகாரி பார்த்தார் என்றே அவனுக்குத் தோன்றியது. பிறகு பாஸ்போர்ட்டை மேசைமேல் தள்ளிவிட்டு, "யல்லா", போகலாம் என்றார்.

வெளியே தியாகு காத்திருந்தான். சோலையப்பன் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். தியாகு அவன் கையிலிருந்த பாஸ்போர்ட்டை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். "தோஹாவுக்குக் கெளம்புற வழியப் பாரு" என்றான்.