ஆணி பிடுங்காமல் இழுத்த வீடு

ஸெலிக்கின் அப்பா அறுவடைக்கு முன்பே செத்துப்போனார். மகன் அவருக்காக மாதக்கணக்கில் தினமும் கடிஷ் மன்றாட்டுச் சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னால் செல்லாது. யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியாக வேண்டும். கடல் தாண்டி வந்து குடியேறிய இந்த என்த்ரே ரியோஸ் புல்வெளியில் பத்துப் பேருக்கு எங்கே போவது? ரஷ்யாவிலிருந்து இவர்களைக் கப்பலேற்றி, நிலமும் மாடும் தகரக் கூரை போட்ட மரவீடும் கொடுத்த பாரிஸ் தர்மச் சங்கம், ஒவ்வொரு வீட்டையும் அவரவர் வயலின் நட்டநடுவில் வைத்திருந்தது. அப்போதுதான் நல்ல விவசாயி ஆவார்களாம். ஒரு வீட்டுக்குப் போய்வருவதற்குள் பால் கறக்கும் நேரம் தப்பிவிடும்.

நான்கு வயல்கள் சந்திக்கும் மூலைக்கு வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று சங்கத்து நிர்வாகியிடம் ஸெலிக் கேட்டான். அவரும் யூதர்தான், பாரிசில் படித்தவர். பூட்ஸில் சேறு படாமல் நின்றபடி, சங்கத்து வீட்டைப் பிரித்தால் ஒப்பந்தம் ரத்து, நிலமும் போய்விடும் என்றார். வாங்கித் தின்கிறவனுக்கு வாய் எதற்கு என்கிற தோரணை. ஸெலிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரிக்கத்தானே கூடாது? வீட்டுக்கு அடியில் பெரிய உருட்டுமரங்களைச் செருகினான். தன் எருதுகள் போதாமல் பக்கத்துப் பண்ணை உள்ளூர்க்காரன் எவரிஸ்தோவிடம் இரவல் வாங்கிப் பூட்டி, வீட்டை முழுசாக இழுத்தான். மனைவி ஃப்ரேதல் இறங்க மறுத்துவிட்டாள்.

"நான் எறங்கினா காலி வீடும்பாங்க. நீ இழு, நான் சூப்பு வைக்கிறேன்."

வீடு மூலைக்கு வந்து சேர்ந்தது. சாயங்காலம் மூன்று வயல்காரர்கள் வளர்ந்த மகன்களோடு வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். சரிவுக்கு அப்பால் வயல் வைத்திருந்த நஃதலியைக் காணோம். ஒப்பந்தம் என்றாலே நடுங்குகிற ஆள், எங்கே வரப்போகிறான் என்றார்கள்.

வந்தது நிர்வாகிதான், குதிரையில். கத்தித் தீர்த்தார்.

"ஒரு ஆணிகூடப் புடுங்கல, தொரை. நல்லா பாத்துக்குங்க," என்றான் ஸெலிக்.

அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிடிக்க ஒன்றும் சிக்கவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்தார், குரல் இறங்கியது. பத்தாவது ஆளாகத் தானே நிற்பதாகவும், விடிந்ததும் வீட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

எல்லோரும் ஸெலிக்கைப் பார்த்தார்கள். புதைத்த நாளிலிருந்து அப்பாவுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. தலையாட்டினால் போதும், இப்போதே சொல்லிவிடலாம்.

"வேணாம், தொரை. இன்னைக்கு நீங்க நிப்பீங்க, நாளைக்கு யாரு நிப்பா? நெலம் குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன். பத்தாவது ஆளையும் தர்மமா வாங்க மாட்டேன். எங்கப்பா பொறுத்துக்குவாரு."

நிலம் போய்விடும் என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். ஃப்ரேதல் கரண்டியோடு ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அங்க பாருங்க."

சரிவுக்கு அப்பால் ஒரு தகரக் கூரை வெயிலில் மினுங்கிக்கொண்டு, ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. எருதுகளுக்கு முன்னால் நஃதலி, பயத்தில் வெளுத்த முகத்தோடு, விடாமல் இழுத்துக்கொண்டு வந்தான்.

ஸெலிக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கடிஷ் சொல்லக் கிழக்கே பார்த்து நின்றான்.